அயர்லாந்துப் படிப்புக்கு நான் வைத்த நன்றிப் பூசை

2006ஆம் ஆண்டு, உயிர்த்த ஞாயிறு முடிந்து இரண்டு மூன்று கிழமை இருக்கும். மொன்றியலில் பனி கரைந்து தெருவோரமெல்லாம் கறுப்புச் சேறாகக் கிடந்த நாட்கள். நாங்கள் லாசாலில் ஒரு பழைய அடுக்குமாடியின் மூன்றாம் மாடியில் இருந்தோம். எனக்கு வேலை டோர்வலில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் சமையல்கூடத்தில். விடியப் போனால் பின்னேரம்தான் வருவேன். தட்டு, கிண்ணம், கரண்டி, மூடி, மறுபடியும் தட்டு. நாள் முழுக்க நின்றபடி அடுக்க வேண்டும். வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றக் குனிந்தால் நிமிர மனம் வராது.

அதற்கு முந்திய வருடம் என் மனைவிக்குப் பக்கவாதம் வந்தது. கையும் காலும் ஓரளவுக்குத் திரும்பின. பேச்சுத் திரும்பவில்லை. நாங்கள் சொல்வது அவளுக்கு விளங்கும். பதில் சொல்ல வாயைத் திறந்தால் வருவது ஒரே ஒரு சொல்தான்: 'ஓம்', அதாவது ஆம். பசிக்குதோ என்று கேட்டால் ஓம். பசிக்கவில்லையோ என்று கேட்டாலும் ஓம். கோபம் வந்தாலும் அதே ஓம்தான், சத்தம் மட்டும் கூடும். முன்பெல்லாம் "இஞ்சாருங்கோ" என்று தொடங்கினால் எனக்கு மறுகதை சொல்ல இடம் கிடைக்காது. அப்படிப்பட்டவள்.

ஆனால் செபமாலை தொடங்கினால் கதை வேறு. "அருள் நிறைந்த மரியே" என்று நான் ஆரம்பிக்க, மிச்சத்தை ஒரு சொல் பிசகாமல் அவள் சொல்லி முடிப்பாள். முதல்நாள் அதைக் கேட்டு நான் குந்தியிருந்து அழுதேன். மாதா செய்த புதுமை என்று நினைத்தேன். அவளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுத்த பிரெஞ்சுக்காரப் பெண்ணிடம் சொன்னபோது, அவள் சிரித்த முகத்தோடு ஏதோ விளக்கினாள். கூட வந்த எங்கள் மகள் அதைத் தமிழில் சொன்னாள்: சின்ன வயதில் இருந்து ஊறிப்போன செபமும் பாட்டும் மூளையில் வேறு வழியால் வருமாம். நினைத்துப் பேசுகிற பேச்சு வேறாம். இப்படிப் பல பேருக்கு நடக்கிறதாம். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. இந்தப் பிள்ளைக்கு மாதாவைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்தேன்.

அதன் பிறகு மனைவி ஏதாவது சொல்ல முயன்று திணறினால் நான் செபமாலையைத்தான் எடுப்பேன். அவளுடைய குரலைக் கேட்பதற்கு எனக்கு வேறு வழி தெரியவில்லை. களைத்து வந்த மனிதனுக்கு அது ஒரு ஆறுதலாகவும் இருந்தது.

எங்களுக்கு ஒரே மகள். அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. உயர்நிலைப் பள்ளிக்குப் பிறகு இங்கே செஜெப் என்று ஒரு இரண்டு வருடக் கல்லூரி இருக்கிறது, அதில் கடைசித் தவணை படித்துக்கொண்டிருந்தாள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். பிரெஞ்சு எனக்கு 'பொன்ஜூர்', 'மெர்சி'யோடு சரி. ஆஸ்பத்திரி, அரசாங்கக் கடிதம், வீட்டுச் சொந்தக்காரனோடு சண்டை, எல்லாவற்றுக்கும் அவள்தான் எங்கள் வாய். தாய்க்கு வருத்தம் வந்த பிறகு இன்னொரு வேலையும் அவளுக்குச் சேர்ந்தது. பயிற்சிக்காரப் பெண்ணிடம் இருந்த படமெல்லாம் இங்கத்தையச் சாமான். மேப்பிள் மரத்தில் எடுக்கும் பாணிப் போத்தல், பனி வாரும் மண்வெட்டி. ஆகவே மகள் தானே அட்டை வெட்டிப் படம் ஒட்டினாள். புட்டு, இடியப்பம், சீலை, செபமாலை, கோயில். 'அப்பா' என்ற அட்டைக்கு நான் வேலை உடுப்போடு சோபாவில் வாயைத் திறந்தபடி நித்திரை கொள்ளும் படத்தை ஒட்டியிருந்தாள். அந்த அட்டையை எடுக்கும்போது மட்டும் மனைவி சத்தமாகச் சிரிப்பாள்.

மகள் அயர்லாந்தில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு எழுதிப்போட்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். அதன் விளக்கப் புத்தகம் தபாலில் வந்த நாளில் இருந்து அதை நான் வேலைக்குக் கொண்டுபோவேன். இடைவேளையில் தேநீரோடு ஒரு சின்ன அகராதியையும் வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டி வாசிப்பேன். நானூறு வருடத்துக்கு மேல் பழைய இடமாம். ஒரு இங்கிலாந்து ராணியின் காலத்தில் தொடங்கியதாம். கல் பாவிய முற்றம், நடுவில் மணிக்கூண்டு, கூரை வரைக்கும் புத்தகம் அடுக்கிய நீளமான நூல்நிலையம். ஆயிரத்து இருநூறு வருடத்துக்கு முன்னர் துறவிகள் கையால் எழுதிப் படம் வரைந்த நற்செய்தி ஏடு ஒன்றை அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காக்கிறார்களாம். அதை வாசித்தபோது எனக்கு மனம் நிறைந்துபோனது. நற்செய்தியைக் காக்கிற இடம் என் பிள்ளையையும் காக்கும் என்று நினைத்தேன்.

பின்பக்கங்களில் அங்கே படிக்கக்கூடிய பாடங்களின் பட்டியல். சட்டம், பொறியியல், கணிதம், விலங்கியல், இறையியல், பழைய ஐரிஷ் மொழி, நாடகம் என்று முடிவில்லாமல் போகும். மன்றாட்டுமாலை சொல்வதுபோல ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்ப்பேன். எல்லாம் நல்லவைதான். ஆனால் என் விரல் போய் நிற்பது 'சுகாதார விஞ்ஞானங்கள்' என்ற பக்கத்தில். அந்தப் பக்கத்தில் முதலாவதாக இருந்தது மருத்துவம். அதற்குக் கீழே பல் வைத்தியம், மருந்தியல், தாதியியல் என்று இன்னும் சில வரிகள் இருந்தன. அவற்றை நான் வாசிக்கவில்லை. முதல் வரியோடு எனக்குப் போதும்.

வரலாற்றுப் பக்கத்தில் இன்னொரு சங்கதியும் இருந்தது. தொடக்கத்தில் அது கத்தோலிக்கர்களுக்கான இடம் அல்ல. இருநூறு வருடமாக எங்கள் ஆட்களுக்கு அங்கே பட்டம் இல்லை. பிறகு சட்டம் மெல்ல மெல்லக் கதவைத் திறந்தது. திறந்த பிறகு எங்கள் ஆயர்களே, பிஷப்மாரே, 'அங்கே போகக் கூடாது' என்று சொன்னார்கள். போக விரும்புகிற கத்தோலிக்கப் பிள்ளை ஆயரிடம் அனுமதி கேட்க வேண்டும். 1970 வரைக்கும் அப்படித்தான் இருந்ததாம். பெண்களைச் சேர்க்கத் தொடங்கியதே நூறு வருடத்துக்கு முன்புதான். இதையெல்லாம் வாசித்தேன், பக்கத்தைப் புரட்டினேன், தேநீரைக் குடித்தேன். ஒன்றும் குத்தவில்லை. அப்போது என் மனம் முழுக்க 'டொக்டர்' என்ற சொல்தான் இருந்தது.

ஒரு புதன்கிழமை நான் வேலையால் வந்து கதவைத் திறந்தபோது, மகள் தாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தாள். "அப்பா, கிடைச்சிட்டுது!" என்று கத்தினாள். கடிதத்தை வாங்கிப் பார்த்தேன். தலைப்பில் சுகாதார விஞ்ஞான பீடம் என்று இருந்தது. அதற்கு மேல் ஒரு எழுத்தும் வாசிக்கவில்லை. கடிதத்தை மடு மாதா படத்துக்கு முன்னால் வைத்து முழந்தாளிட்டேன்.

மகளுக்குப் பகுதிநேர வேலை. அவள் உடனே ஓட வேண்டியிருந்தது. அவள் போனதும் மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். கடிதத்தைக் காட்டினாள், பிறகு தன் வாயைத் தொட்டாள். மறுபடியும் கடிதம், மறுபடியும் வாய். "ஓம், ஓம்" என்று சத்தம் கூடிக்கொண்டே போனது. கண்ணால் நீர் வழிந்தது.

"விளங்குதடி, நன்றி சொல்லத்தானே கேக்கிறாய்? இந்தா தொடங்குவம்" என்று செபமாலையை எடுத்தேன்.

அவள் கதிரைக் கையில் ஓங்கி அடித்தாள். சந்தோசத்தில் அடிக்கிறாள் என்று நினைத்தேன். ஐந்து தேவ இரகசியமும் சொல்லி முடித்தோம். அவள் ஒரு சொல்கூடப் பிசகவில்லை. சொல்லும்போது முழுக்க அழுதாள்.

அன்று பின்னேரமே கோயிலுக்குத் தொலைபேசி எடுத்து ஞாயிறு பூசையை நன்றிப் பூசையாக ஒப்புக்கொடுக்கச் சொன்னேன். மகளிடம் கேட்கவில்லை. எங்கள் ஆட்களிடம் இது ஒரு வழக்கம்தான். வேலை கிடைத்தாலும், விசா கிடைத்தாலும், பிள்ளை பாஸ் பண்ணினாலும் முதலில் பூசை, மற்றதெல்லாம் பேந்து.

ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை. மகள் பாடகர் குழுவில் முன்வரிசையில் நின்றாள். சுவாமி புத்தகத்தைத் திறக்க முன்னர் அறிவித்தார்: லாசாலைச் சேர்ந்த எங்கள் குடும்பத்து மகளுக்கு அயர்லாந்தில் மருத்துவம் படிக்க இடம் கிடைத்ததற்கு நன்றியாக இந்தப் பூசை ஒப்புக்கொடுக்கப்படுகிறது என்று. கோயில் முழுக்கத் தலை திரும்பியது. நான் நெஞ்சை நிமிர்த்தி நின்றேன். வேலையில் குனிந்து குனிந்து வளைந்த முதுகு அன்றைக்குத்தான் நேரானதுபோல இருந்தது. பதிலுரைப் பாடலை மகள்தான் தனியாகத் தொடங்க வேண்டும். ஆர்மோனியம் ஒருமுறை வாசித்து நின்றது. அவள் தொடங்கவில்லை. மறுபடியும் வாசித்தார்கள். பக்கத்தில் நின்ற பிள்ளைதான் தொடங்கியது. கூச்சப்படுகிறாள் என்று நினைத்தேன்.

பூசை முடிந்து மண்டபத்தில் றோல்ஸும் தேநீரும். கர்க்லாண்டில் பெரிய வீடு கட்டி இருக்கிற ஒருவர், என்னோடு ஒரே காலத்தில் வந்தவர், என் தோளில் தட்டினார்.

"என்ன அண்ணை, இனி எங்களுக்குக் காய்ச்சல் வந்தால் அயர்லாந்துக்கே போன் எடுக்கிறது?"

"உங்களுக்கு வாற வருத்தத்துக்கு டொக்டர் காணாது, மிருக வைத்தியரைத்தான் பாக்கவேணும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அப்படிப் பகிடி விட்டு எனக்கு எத்தனையோ வருடம். மகள் ஒரு மூலையில் தாயின் கோட்டுக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். யாராவது வாழ்த்தினால் தலையைக் குனிந்து சிரித்தாள்.

காரில் ஏறி இரண்டு தெரு போயிருப்போம். பின்சீட்டில் இருந்து மகள் சொன்னாள்.

"அப்பா, நான் டொக்டருக்குப் படிக்கப் போகேல்லை."

"என்ன?"

"பேச்சுப் பயிற்சி. அம்மாவுக்குக் குடுக்கிறதுபோல. அதுக்குத்தான் எழுதினனான், அதுதான் கிடைச்சது. இஞ்ச எண்டால் முதல் ஒரு பட்டம், அதுக்குப் பிறகு இன்னொண்டு. அங்க நேரை நாலு வருசம். கடிதத்தில எழுதிக் கிடக்குது அப்பா."

"எனக்கேன் முதலே சொல்லேல்லை?"

"எத்தினைதரம் வாய் எடுத்தனான். நீங்கள் உடனை டொக்டர் எண்டு தொடங்கிடுவியள்." பிறகு சொன்னாள்: "அம்மாவுக்கு அண்டைக்கே சொல்லிப்போட்டன். அவ உங்களுக்குச் சொல்லுவா எண்டு... சொல்லப் பாத்தவ."

சிவப்பு விளக்கில் காரை நிறுத்தி மனைவியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தபடியே மெல்லத் தன் வாயைத் தொட்டாள். கடிதமும் வாயும். அப்போதுதான் எனக்கு விளங்கியது. பின்னால் நின்ற கார்க்காரன் ஹோன் அடிக்கும் வரை பச்சை விழுந்தது எனக்குத் தெரியவில்லை.

அந்த இடத்திலேயே மனம் திருந்தினேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். நடந்தது அதற்கு நேர்மாறு. எனக்கு வந்தது வெட்கம். அடுத்த ஞாயிறு கோயிலுக்கு எப்படிப் போவது, கர்க்லாண்ட்காரரின் முகத்தில் எப்படி முழிப்பது? அந்த வெட்கத்தை மூடுவதற்கு எனக்கு ஒரு போர்வை தேவைப்பட்டது. வீட்டுக்கு வந்ததும் விளக்கப் புத்தகத்தின் வரலாற்றுப் பக்கத்தை எடுத்தேன்.

"இதை வாசிச்சனியோ? எங்கட ஆக்களைச் சேர்க்காத இடம். ஆயர்மாரே போகவேண்டாம் எண்ட இடம். அங்க என்ரை பிள்ளையை எப்பிடி விடுறது?"

"அப்பா, அந்தத் தடையை எடுத்து முப்பத்தாறு வருசம்."

"திருச்சபை சொன்னது சொன்னதுதான்."

"எடுத்ததும் திருச்சபைதானே அப்பா?"

 மறுமொழி இல்லாதபோது தகப்பன்மார் செய்வதையே செய்தேன். எழும்பிப்போய்ப் படுத்துவிட்டேன்.

இடத்தை ஏற்றுக்கொள்வதாக ஒரு படிவம் வெள்ளிக்கிழமைக்கு முன் ஃபக்ஸில் போக வேண்டும். செலவுக்குப் பொறுப்பு என்று நான் கையெழுத்து வைக்க வேண்டும். செலவுக் கதையை விடுகிறேன், அதற்கு ஏதோ ஒரு வழி இருந்தது. கையெழுத்துத்தான் இல்லை. திங்கட்கிழமை முழுக்க அந்தப் படிவம் சாப்பாட்டு மேசையில் கிடந்தது. மகள் என்னோடு கதைக்கவில்லை. மனைவி நான் ஊட்டப்போன புட்டைத் தள்ளிவிட்டாள். செபமாலையை எடுத்தேன். அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். 'அருள் நிறைந்த மரியே' என்று தொடங்கிவிட்டு, மிச்சத்தையும் நானே சொன்னேன். ஐம்பத்துமூன்று தரமும் நானே சொன்னேன். அவ்வளவு நீளமாக ஒரு செபமாலை எனக்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இல்லை.

செவ்வாய்க்கிழமை நான் வேலைக்கு லீவு. மனைவிக்கு முற்பகல் பயிற்சி. புத்தகத்தையும் படிவத்தையும் கையில் எடுத்துக்கொண்டேன். பயிற்சி முடிந்ததும் சுவாமியிடம் போய் அந்த வரலாற்றைக் காட்டி, 'வேண்டாம்' என்று அவர் வாயாலேயே மகளுக்குச் சொல்லவைக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

பயிற்சி நிலையத்தில் எல்லோரும் காத்திருக்கும் ஒரு அறை. யன்னலோரம் வழக்கமாக ஒரு வயதான வெள்ளைக்காரர் இருப்பார். கம்பளித் தொப்பி, பெரிய கைகள், கைத்தடி. அவருக்கும் பக்கவாதம்தான், அவருக்கும் பேச்சுப் போனதுதான். ஒரே ஒரு வித்தியாசம். என் மனைவிக்கு மிஞ்சியது செபம். அவருக்கு மிஞ்சியது தூஷணம். ஒரு சொல்லுக்குத் திணறித் திணறிக் கடைசியில் ஒரு கெட்ட வார்த்தை மட்டும் முழுசாக, தெளிவாக வந்து விழும். அதனால் நான் எப்போதும் அவருக்கு எட்டத்தான் இருப்பேன். அன்றைக்கு வேறு கதிரை இருக்கவில்லை.

புத்தகத்தை மடியில் வைத்திருந்தேன். மகள் தாயின் பெயரைப் பதியப் போயிருந்தாள். திடீரென்று அந்தப் பெரிய கை வந்து புத்தகத்தைப் பிடித்தது. அட்டையில் பல்கலைக்கழகத்தின் முன்வாசல் படம். அந்த வாசலில் விரலை வைத்து, "ஐ... ஐ..." என்றார். முகம் சிவந்தது. கெட்ட வார்த்தை வந்தது. எனக்குப் பயம் பிடித்துவிட்டது. புத்தகத்தைப் பறிக்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை.

அதற்குள் மகள் வந்துவிட்டாள். அவள் பயப்படவில்லை. அவருக்கு முன்னால் தரையில் குந்தினாள். அந்த நிலையத்தில் பேச முடியாதவர்களுக்கு ஒரு பழக்கம் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஆம் என்றால் பெருவிரலை உயர்த்துவது, இல்லை என்றால் உள்ளங்கையைக் கவிழ்ப்பது. மகள் ஆங்கிலத்தில் ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"இந்த இடம் உங்களுக்குத் தெரியுமா?"

பெருவிரல்.

"அங்கே படித்தீர்களா?"

கை கவிழ்ந்தது.

"படிக்க விரும்பினீர்களா?"

பெருவிரல் உயர்ந்தது. 

"இடம் கிடைக்கவில்லையா?"

கை கவிழ்ந்தது. இடம் கிடைத்திருக்கிறது. பிறகு ஏன்? அவருக்குச் சொல்லத் தெரியும், சொல்தான் வரவில்லை. மகள் பதிவுத் துண்டின் பின்பக்கத்தையும் பேனையையும் கொடுத்தாள். இடது கையால் கோணல்மாணலாக ஒன்று கீறினார். கீழே அகலம், மேலே கூர், நடுவில் ஒரு சிலுவை. மகள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வீடா, கூடாரமா என்று கேட்டாள். கை கவிழ்ந்துகொண்டே இருந்தது.

எனக்கு அது பார்த்தவுடனே விளங்கிவிட்டது. உறுதிபூசுதல், திருவிழா என்று எத்தனை தரம் தலையில் வைக்கும் அந்தக் கூர்முடிக்கு முன்னால் முழந்தாளிட்டிருக்கிறேன்!

"பிஷப்" என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பினார். பெருவிரல் மெல்ல மேலே வந்தது. கண் நிறைந்தது.

வரலாற்றுப் பக்கத்தில் நான் வாசித்த ஒரு வரி, தொப்பி போட்டுக்கொண்டு எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தது. அவருக்கு எழுபது வயதாவது இருக்கும். அயர்லாந்தில் இளம் வயதில் இடம் கிடைத்து, ஆயரிடம் அனுமதி கேட்டு, கிடைக்காமல் போய், கடைசியில் இந்தப் பனி நாட்டுக்கு வந்துவிட்டார். மகள் கேட்கக் கேட்க விரலால் அவ்வளவும் சொன்னார். இங்கே ரயில் பெட்டி திருத்தும் இடத்தில் வேலை செய்தாராம்.

மகள் பாடப் பட்டியலைத் திறந்தாள். "என்ன படிக்க இருந்தீர்கள்?" என்று கேட்டு, ஒவ்வொரு வரியாக விரலை நகர்த்தினாள். ஓரிடத்தில் அவர் அவளுடைய விரலைப் பிடித்து நிறுத்தினார். கணிதம். எனக்கு அந்தச் சொல் தெரியும். அவர் வாயைக் கூட்டித் திணறுவதைப் பார்க்கப் பொறுக்காமல், நானே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். மகள் என் முழங்காலில் கையை வைத்தாள்.

"பொறுங்கோ அப்பா. அவர் சொல்லட்டும்."

பொறுத்தோம். என் வேலையிடத்தில் அந்த நேரத்துக்குள் பத்துத் தட்டு அடுக்கியிருப்பேன். மகள் அசையவில்லை. அவருடைய உதட்டையே பார்த்தபடி, அவசரமில்லாமல், உலகத்தில் வேறு ஒரு வேலையும் இல்லாதவள்போலக் குந்தியிருந்தாள். "ம... ம..." என்று நாலைந்து தரம் உடைந்து, கடைசியில் அந்தச் சொல் முழுசாக வந்தது. "மேத்ஸ்" என்றார். மறுபடியும், "மேத்ஸ்." அதற்குப் பிறகு ஒரு கெட்ட வார்த்தையும் வந்தது. ஆனால் இந்தமுறை சிரித்தபடி சொன்னார். என் மனைவியும் சிரித்துவிட்டாள்.

நான் மகளைப் பார்த்தேன். பத்தொன்பது வருடமாகப் பார்த்த பிள்ளைதான். ஒரு வருடமாக என் வீட்டுச் சோபாவில், என் கண்ணுக்கு முன்னால் இதைத்தானே தாய்க்குச் செய்துகொண்டிருந்தாள்? நான் பக்கத்தில் நித்திரை கொண்டுகொண்டிருந்தேன். அதற்கு அட்டைப் படமே சாட்சி.

அவர் புத்தகத்தைக் காட்டி மகளைக் காட்டினார். நீயா போகப்போகிறாய் என்ற கேள்வி. மகள் சுகாதார விஞ்ஞானப் பக்கத்தைத் திறந்து, கீழே நான் வாசிக்காமல் விட்ட வரிகளில் ஒன்றைக் காட்டினாள். பேச்சும் மொழியும். தன் வாயைத் தொட்டு, பிறகு தாயைக் காட்டினாள். அவர் பெருவிரலை உயர்த்தினார். அதோடு விடவில்லை. என்னைப் பார்த்தார். விரலை உயர்த்தியபடியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவியும் சுகமான கையைத் தூக்கிப் பெருவிரலை உயர்த்தினாள். இரண்டு விரலுக்கும் நடுவில் நான் இருந்தேன்.

மகள் மட்டும் என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

என்னிடம் சுவாமியைப் பற்றியோ ஆயரைப் பற்றியோ ஒரு சொல்லும் மிச்சம் இருக்கவில்லை. மனைவியைப்போல எனக்கும் ஒரே ஒரு சொல்தான் வந்தது.

"ஓம்" என்றேன்.

படிவத்தை அந்தப் புத்தகத்தின் மேலேயே வைத்துக் கையெழுத்திட்டேன். அதற்குள் அவரை ஏற்றிப்போகும் சிறிய பஸ்ஸின் சாரதி வந்து கூப்பிட்டார். அவர் எழும்பி, போகும்போது மகளின் தலையில் ஒருமுறை கையை வைத்தார். பயிற்சி நாட்கள் மாறியதால் பிறகு அவரைக் காணவில்லை. பெயர்கூட எங்களுக்குத் தெரியாது.

அடுத்த ஞாயிறு பூசைக்கு முன்பே போய்ச் சுவாமியைப் பிடித்தேன்.

"சுவாமி, போன கிழமை வாசிச்ச அறிவித்தல் பிழை. அவள் டொக்டருக்கில்லை, பேச்சு வராத ஆக்களைக் கதைக்கவைக்கிற படிப்புக்குப் போறாள். பிழை என்ரை. திருத்தி வாசிக்க வேணும்."

"அதுக்கென்ன, விடுங்கோ. கடவுளுக்குத் தெரியும்தானே."

"கடவுளுக்குத் தெரியும் சுவாமி. சனத்துக்குத்தான் தெரியாது."

திருத்தி வாசித்தார். தலைகள் மறுபடியும் திரும்பின. காது சுட்டது. ஆனால் ஆர்மோனியம் வாசித்ததும் மகள் தொடங்கினாள், முதல் தரத்திலேயே. மண்டபத்தில் கர்க்லாண்ட்காரர் வந்து, "அப்ப எங்கட காய்ச்சலுக்கு ஆர் அண்ணை?" என்றார். நான் அவருக்கு ஒரு தேநீரை நீட்டினேன். அவர் அதை வாங்கிக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, தன் பேரனுக்கு மூன்று வயதாகியும் பேச்சு வரவில்லை, மகள் போக முன்னர் ஒருமுறை வந்து பார்ப்பாளோ என்று கேட்டார்.

செப்டம்பரில் மகள் போனாள். அதன்பிறகு வீடு லேசாக இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். எங்கள் வாயை அல்லவா அனுப்பிவிட்டோம்! இப்போது பயிற்சி நிலையத்தில் நானே உடைந்த பிரெஞ்சில் கதைக்கிறேன். வேலையால் வந்து சமைத்து, ஊட்டி, படம் ஒட்டிய அட்டைகளை எடுத்து மனைவிக்கு முன்னால் இருக்கும்போது உடம்பு கெஞ்சும். பல நாட்களில் அவள் ஒரு சொல்லுக்குத் திணறிக்கொண்டிருக்க, எனக்குக் கண் சொருகிவிடும். அப்போது அவள் 'அப்பா' அட்டையை எடுத்து என் மூக்குக்கு முன்னால் பிடிப்பாள். மகளுக்கு இது கடைசி வருடம். மனைவியிடம் இப்போது பதினொரு சொல் இருக்கிறது. "இஞ்சாருங்கோ" இன்னும் வரவில்லை.

செபத்தை நான் விடவில்லை, மாதா மேல் இருக்கும் விசுவாசமும் குறையவில்லை. ஆனால் இப்போதெல்லாம் அவள் வாயைத் தொட்டால், என்ன சொல்ல வருகிறாள் என்று தெரியும்வரை பேசாமல் பக்கத்தில் இருக்கிறேன். எவ்வளவு களைத்து வந்தாலும், அவள் பெருவிரலை உயர்த்திய பிறகுதான் செபமாலையைக் கையில் எடுக்கிறேன்.